நாலு விரல் திறக்கட்டும்

எண்பதுகளின் நடுவில், திண்டுக்கல்லில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தேன். மயக்க மருந்து டாக்டர் ஒருவர் எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்தார். முதுகில் மெல்லிய குழாய் செருகி மருந்து விட்டால் பிரசவ வலி மரத்துப்போகும் என்பதை அவர் செய்துதான் முதன்முதலில் பார்த்தேன். எபிடூரல் என்பார், நாங்கள் முதுகு ஊசி என்போம். ஆனால் தலைப்பிரசவம் என்றால் கர்ப்பப்பை வாய் நாலு விரல் திறந்த பிறகுதான் அதைப் போட வேண்டும் என்பதில் எங்கள் டாக்டரம்மா கண்டிப்பானவர். முன்னாலேயே போட்டால் கர்ப்பப்பை சுருங்குவதே நின்று பிரசவம் தடைபட்டுவிடுமாம். நானும் அப்படியே நம்பினேன்.

ஒருநாள் காலையில் சின்னாளபட்டியிலிருந்து நெசவுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. அவள் கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் வளையல்கள் நொறுங்கின.

"அந்த முதுகு ஊசியப் போடச் சொல்லுங்கக்கா. என்னால ஏலல."

"செத்த நேரம் பொறு தாயி. ரெண்டு விரல்தான் தெறந்திருக்கு."

பத்து மணிக்கும் இதைத்தான் சொன்னேன், பதினொன்றுக்கும் இதைத்தான். அதற்குள் அவசரமாக ஒரு ஆபரேஷன் வந்துவிட, டாக்டர்கள் இருவரோடு நானும் தியேட்டருக்குள் போய்விட்டேன். வெளியே வரும்போது மணி ஒன்று. டாக்டரம்மா அவளைச் சோதித்தார்.

"முழுசாத் தெறந்திருச்சு. இனி ஊசிக்கு நேரமில்ல. முக்கச் சொல்லு."

அரைமணியில் பெண்குழந்தை பிறந்தது. சாயங்காலம் காபி கொண்டுபோனேன். கோபமே இல்லாமல் கேட்டாள்:

"காலையில நேரம் வரலைன்னீங்க. மத்தியானம் நேரம் போயிருச்சுன்னீங்க. அது எப்பக்கா வந்துச்சு?"

"மன்னிச்சிரு தாயி" என்றேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் அவள் கேட்டதை அப்படியே சொன்னேன். திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். அவரோ பேனாவை மூடிவிட்டு, பக்கத்திலிருந்த மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தார். "ரெண்டு விரல்ல போட்டா என்ன ஆகும்?"

"அவங்க வலிக்குதுன்னு சொல்றாங்களே, ஊசி போட அது போதும் டாக்டர். கர்ப்பப்பை சுருங்குறது கொறஞ்சா மருந்து குடுத்துத் தூண்டிக்கலாம். பக்கத்துல ஆள் மட்டும் இருக்கணும்."

அடுத்த மாதம் சாணார்பட்டியிலிருந்து ஒரு டீச்சர் தலைப்பிரசவத்துக்கு வந்தார். இரண்டு விரல்தான் திறந்திருந்தது. "மயக்க மருந்து டாக்டரக் கூப்பிடு" என்றார் டாக்டரம்மா. ஊசி போட்ட பிறகும் கர்ப்பப்பை சுருங்குவது நிற்கவில்லை. டீச்சருக்குத் தெரியாமல் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அவர் வயிற்றில் கை வைத்தபடி நான் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்குப் பையன் பிறந்தான்.