அடித்தவள் மடி

குவைத்தில் பிறர் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டிவிட்டு, நான்கு ஆண்டுகளுக்குப் பின் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிய நாகலெட்சுமி, தன் மகளுக்குத் தான் விருந்தாளியாகிவிட்டதை முதல் நாளே கண்டுகொண்டாள். ஏழு வயது ஷாமிலா, தாய் நீட்டிய சொக்கலேட்டை வாங்கிய கையோடு, "அத்தை, ஒனக்குப் பாதி" என்று லயத்து வீட்டு வரிசையின் அடுத்த காம்பராவுக்கு ஓடினாள்.

அத்தை என்பவள் வீரம்மா; நாகலெட்சுமியின் கணவனுடைய அக்கா; பிள்ளையில்லாத கைம்பெண். தம்பி கொழும்பில் கடைவேலைக்குப் போய்விட, அவன் மகளை வளர்த்தவள் அவள்தான். அந்த நன்றி நாகலெட்சுமிக்கு இல்லாமலில்லை. ஆனால், நன்றி நெஞ்சில் இருந்தது, எரிந்தது வயிறு.

பிள்ளை அத்தையைக் கொஞ்சுவதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறொன்று. ஒருநாள் மாலை ஷாமிலா பீலியில் கொட்டும் தண்ணீரில் சட்டையோடு நனைந்து வந்தாள். வீரம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

"சளி புடிச்சா ஆரு ஒன்னயத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கி ஓடுறது, எரும?"

பிள்ளை வீறிட்டு அழுதாள். அழுதபடியே அடித்தவளின் இடுப்பைத்தான் கட்டிக்கொண்டாள். வீரம்மா முந்தானையால் தலையைத் துவட்டினாள். "அடிக்கிற கைதான் அணைக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தாள்.

நாகலெட்சுமி அந்தப் பழமொழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். விருந்தாளி போலக் கொஞ்சியதால்தான் பிள்ளை ஒட்டவில்லை. அடித்தால்தான் தாயென்று தெரியும் என முடிவு கட்டினாள்.

மறுநாள் சோறு சிந்தியதற்குக் கையில் ஓர் அடி. ஷாமிலா அழவில்லை, சுவரோரம் ஒதுங்கினாள். நாகலெட்சுமி மடியைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிள்ளை வரவில்லை. வராததற்காகவே அடுத்த அடி பலமாக விழுந்தது. நாளடைவில் குற்றங்கள் சிறுத்தன, அடிகள் பெருத்தன. ஒரு காலையில் தூக்கக் கலக்கத்தில் ஷாமிலா அவளையே "அத்தை" என்று அழைத்துவிட்டாள். அடுப்பெரிக்கப் போட்டிருந்த காய்ந்த தேயிலைக் குச்சி ஒன்று, தோட்டத்தில் மிலாறு என்பது, நாகலெட்சுமியின் கைக்கு வந்தது. அது முறிந்த பிறகுதான் கை நின்றது.

சத்தம் கேட்டு வீரம்மா வாசலில் வந்து நின்றாள். "போதும் புள்ள, விடு."

"எம்புள்ளய நான் கண்டிக்கிறேன், மதினி. நீங்க அடிக்கலயா?"

"நான் அவ செஞ்ச தப்புக்கு அடிச்சேன். நீ எம்மேல உள்ள எரிச்சலுக்கு அடிக்கிற."

பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் காலில் தடித்திருந்த கோடுகளைக் கண்ட சிவகௌரி டீச்சர் இருவரையும் அழைப்பித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஆர் அடிச்சது, பிள்ளை?"

ஷாமிலா நிலத்தைப் பார்த்தாள். "அத்தை."

நாகலெட்சுமி மனத்துக்குள் கணக்குப் போட்டாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பிள்ளை இனி அத்தையின் பக்கம் போகக்கூடாதென்று டீச்சரே சொல்லிவிடுவார்.

வீரம்மா ஒரு கணம் பிள்ளையைப் பார்த்தாள். "ஆமாங்க டீச்சர். நாந்தான். கை மீறிருச்சி."

"இது கண்டிப்பில்லை அம்மா, கொடுமை. சிறுவர் உரிமை அதிகாரிக்கு அறிவிக்க வேணும்."

"அறிவிச்சிக்கங்க."

பிள்ளையின் கை மெல்ல நகர்ந்து அத்தையின் விரலைப் பற்றியது. பொய்யைக்கூட அவளிடம்தான் நம்பி ஒப்படைத்திருந்தாள். நினைத்தது கைகூடிய அந்த நேரத்தில்தான் நாகலெட்சுமியின் வயிறு முன்னெப்போதும் இல்லாதபடி எரிந்தது. பிள்ளையின் சிரிப்பு மதினிக்கு, அழுகை மதினிக்கு. இப்போது தான் செய்த தப்பின் பழியும் மதினிக்கா?

"அவுங்க இல்ல டீச்சர்" என்றாள். "நாந்தான் அடிச்சேன், மிலாறால. இவ எம்மக."

வீரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீங்க சும்மா இருங்க, மதினி" என்று நாகலெட்சுமி அடக்கினாள்.

டீச்சர் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "இருங்கோ. அதிகாரி வந்தால் அவவுக்கும் இதையே சொல்ல வேணும்."

"சொல்றேன்."

ஷாமிலா தலை நிமிர்ந்தாள். அத்தையின் விரலை விடவில்லை. ஆனால், பார்த்தது தாயை.