அந்தரத்தில் தொங்கிய சுவர்

முத்தியால்பேட்டையில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் வரைந்து கொடுப்பவள் நான். கோரிமேட்டுச் சரிவில் நாங்கள் வாங்கிய மனைக்கும் நானே வரைந்தேன். சாஃப்ட்வேர் எல்லா மனையையும் சமதரையாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் பூமி பூஜைக்கு முந்தின நாள், நான்கு மூலைகளின் மட்டத்தையும் கொடுத்துப் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். திக்கென்றது. பின்சுவரின் அஸ்திவாரம் மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கியது!

பூஜை போடும் ஈசானிய மூலைதான் எங்கள் மனையில் மேடு. பள்ளத்தில் மண்ணைக் கொட்டி நிரப்பி, பூஜைக்கு அங்கே தோண்டும் குழியின் மட்டத்துக்கே சுற்றிலும் அஸ்திவாரக் கான்கிரீட் போடுவதாக மாமனார் முடிவு செய்திருந்தார்.

மறுநாள் படத்தோடு போய் மறித்து நின்றேன்.

"நல்ல நேரம் போயிடும்மா" என்றார் மாமனார்.

"பூஜைய முடிச்சிடுங்க மாமா, முதல் கல்லையும் வச்சிடுங்க. கான்கிரீட் மட்டும் இன்னிக்கு வேணாம். கொட்டின மண்ணு மேல சுவரு நிக்காது."

படத்தை வாங்கிப் பார்த்தவர், கலவை போட வேண்டாமென்று கொத்தனாருக்குக் கையைக் காட்டிவிட்டார்.

அஸ்திவாரச் சுவரைச் சரிவுக்கேற்பப் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியும் கெட்டி மண்ணில் உட்காரும்படி வரைந்தேன். அப்படியே கட்டினோம். அந்த மழைக்காலத்தில் பின்பக்கம் கொட்டியிருந்த மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போனது. சுவர் அசையவில்லை.

இப்போது பிளான் கேட்டு வருபவர்களிடம் எத்தனை அறை என்று நான் கேட்பதில்லை. "மனை எந்தப் பக்கம் சரியுது?" என்றுதான் முதலில் கேட்கிறேன். "சமமாதாங்க இருக்கு" என்று சொல்பவர்களின் மனையை நேரில் பார்க்காமல் கம்ப்யூட்டரைத் திறப்பதே இல்லை.