தன் வீட்டையே விற்றுக் கொடுத்த புரோக்கர்

அந்த வீட்டுப் புரோக்கரை எங்கள் தெருவில் எல்லோரும் 'நிலவரம்' என்றுதான் கூப்பிடுவோம். மூன்று வருடங்களுக்கு முன் வீட்டு விலைகள் சரிந்தபோது, "இன்னும் பாதாளத்துக்குப் போகும், இப்பவே வித்துடுங்க" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் பேச்சைத் தானே நம்பி, குடியிருந்த சொந்த வீட்டை மனைவியின் தம்பிக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போனார்.

இந்த வருடம் விலை நிமிர்ந்தது. மச்சினன் வந்து நின்றான்.

"நல்ல பார்ட்டியா பாருங்க மாமா. உங்களை விட அந்த வீட்டைத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

நிலவரம் ஒரு தம்பதியைக் கூட்டிப்போனார். சாவியோடு அவர் மனைவியும் வந்திருந்தாள். தான் பார்த்துப் பார்த்துச் செய்த சமையலறை அலமாரிகளை நிலவரம் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார்.

"இவ்ளோ நல்ல வீட்டை யாராவது விப்பாங்களா சார்?" என்றாள் வீடு பார்க்க வந்த பெண்.

"ஓனருக்கு விவரம் பத்தாதும்மா."

"இப்ப இருக்கற ஓனர் இல்லம்மா," என்றாள் மனைவி. "முன்னாடி இருந்தவரைச் சொல்றாரு."

ஒரே வாரத்தில் வீடு கைமாறியது. மச்சினனுக்கு வாயெல்லாம் பல். கமிஷன் என்றதும் முகம் சுருங்கியது. "சொந்தத்துக்குள்ள என்ன மாமா கமிஷன்?"

"கமிஷன் வேண்டாம்டா," என்றாள் அவன் அக்கா. "வாங்கினவங்க அதை வாடகைக்கு விடப் போறாங்களாம். எங்களுக்காக அட்வான்ஸை நீ கட்டிடு."

அடுத்த மாதமே நிலவரம் தான் கட்டிய வீட்டில் வாடகைக்குக் குடியேறினார். கேட்காமல் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனை.