மூடிக்கு நடுவுல ரெசின்

கேஸ் டெர்மினல்ல மீட்டரும் சென்சாரும் மாட்டுற எங்க தொழில்ல, வேலையை ஒழுங்கா செஞ்சா எதுவுமே நடக்காது. எதுவுமே நடக்கலன்னா "இவன் சும்மா உக்காந்திருக்கான்"னு பேரு வந்துடும். நீங்களும் இந்த மாதிரி ஒரு வேலையில மாட்டிக்கிட்டவங்கன்னா, வாங்க, சேர்ந்தே தலையில அடிச்சுக்கலாம்.

நைனா கேட்ட கேள்வி

எங்க ஊரு கோட்டைக்குப்பம். எங்க நைனா ஏரியில இறங்கி, கையாலேயே தடவி இறால் பிடிக்கிறவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, "அங்க நீ இன்னாதாண்டா பண்ற?"ன்னு கேட்டார். நானும் ஆசையா உக்காந்து விளக்கினேன். கேஸ் கசியற இடத்துல ஒயர் அறுந்து ஒரு பொறி வந்தாலே கதை முடிஞ்சுது. அதனால சென்சாருக்குப் போற கரண்டை கன்ட்ரோல் ரூம்லயே ஒரு தடுப்பு வச்சுக் குறைச்சுடுவோம். அப்புறம் ஒயர் அறுந்தாலும் கேஸைப் பத்த வைக்கிற அளவுக்குப் பொறி வராது.

நைனா இறால் போடுற பறியைக் கழுவிக்கிட்டே எல்லாத்தையும் கேட்டார். கேட்டு முடிச்சுட்டு, "அவ்ளோ கம்மி கரண்டுல ஓடுற வேலைக்கு உனக்கு எதுக்குடா முழுச் சம்பளம்?"ன்னார்.

சோத்துக்கு அடியில போன்

என் பொண்டாட்டியோட தம்பி செல்வம், லைட்ஹவுஸ் குப்பத்துல பைபர் படகு ஓட்டை அடைக்கிறதுல கில்லாடி. காஞ்சா கல்லாயிடற ரெசின் பசையை அவன் பூசின படகுல ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது. ஆனா கொஞ்ச நாளா மீன்பாடு சரியில்ல, ஓட்டை அடைக்கக் கூப்பிடறவங்களும் குறைஞ்சுட்டாங்க. வீட்ல கைக்குழந்தை வேற. பொண்டாட்டி நச்சரிப்பு தாங்காம காண்ட்ராக்டர்கிட்ட பேசி அவனை ஹெல்பரா சேர்த்து விட்டேன். கேட் பாஸ் கைக்கு வந்த அன்னிக்கு அவன் வீட்ல அதை சாமி படத்துக்கு முன்னாடி வச்சுக் கும்பிட்டாங்களாம்.

முதல் நாளே வேலையைக் காட்டிட்டான். உள்ள போன் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். நம்ம ஐயா டிபன் பாக்ஸ்ல, சோத்துக்கு அடியில, பிளாஸ்டிக் பையில சுத்தி வச்சுக் கொண்டாந்திருக்கார். செக்யூரிட்டி சோத்தைக் கிளறிக் கையோட எடுத்துட்டார். எனக்கு மானம் போச்சு. அவன் மூஞ்சியில ஒரு வருத்தமும் இல்ல. "ஸ்விட்ச் ஆப் பண்ணித் தூங்க வச்சிருக்கேன் மாமா, தூங்கறது இன்னா பண்ணப் போவுது?"

படகுக்காரன் புத்தி

கேஸ் ஏரியாவுல ஒயரை இணைக்கிற பெட்டி கனமான இரும்புல இருக்கும். கேஸ் உள்ள பூராம இருக்கத்தான் அந்த கனம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது தப்பு. கேஸ் பூரும். உள்ளயே வெடிச்சாலும் பெட்டி தாங்கணும், அதுக்குத்தான் அந்த இரும்பு. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவுல தலைமுடி மாதிரி ஒரு இடுக்கு இருக்கும். உள்ள பிடிச்ச நெருப்பு அது வழியா வரும்போது ஆறிப்போய், வெளியில இருக்கிற கேஸைப் பத்த வைக்காது. அந்த இடுக்குல கெட்டியாகிற எதையாவது பூசினா மூடி சரியா உக்காராது, இடுக்கு பெரிசாயிடும், நெருப்பு நேரா வெளிய வந்துடும்.

புது லைனுக்கு கேஸ் விடறதுக்கு முன்னாடி ஒரு ஒயரைச் சரிபார்க்க ஒரு பெட்டியைத் திறந்தேன். மூடி அசையவே இல்ல. உளியால தட்டித் திறந்தா, சுத்தியும் ரெசின்! வேற யாரு, நம்ம ஆளுதான். வாயில வந்ததெல்லாம் திட்டினேன். அவன் நிஜமாவே புரியாம நின்னான். "உப்புக் காத்து மாமா, பெட்டி துருப்பிடிச்சு தண்ணி உள்ள பூந்துடுமேன்னு நானே வீட்லேர்ந்து ரெசின் கொண்டாந்தேன், உனக்கு நல்லதுதானே பண்ணேன்?"

ஒண்ணுதானா?

விஷயத்தை சேஃப்டி ஆபீஸர்கிட்ட சொன்னேன், அவங்க ஒரு மேடம். சத்தமே போட மாட்டாங்க, அதுதான் பயம். "எத்தனை பெட்டியில பூசினீங்க?"ன்னு அவனைக் கேட்டாங்க. "இது ஒண்ணுதான் மேடம்"னான். மத்த பெட்டியெல்லாம் வேற ஆளுங்க மூடினதுன்னு சூப்பர்வைசரும் சொன்னார். மேடம் யோசிச்சாங்க. "ஒண்ணுன்னா தெரியாமப் பண்ணது, எச்சரிக்கையோட விடறேன். இன்னும் ஒண்ணு இருந்திருந்தா பாஸ் கேன்சல்." அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. அந்தப் பெட்டியை மாத்திட்டோம். மத்தியானம் கேஸ் விடறதுன்னு முடிவாச்சு. அழுத்தம் சரியா ஏறுதான்னு மீட்டர் பக்கத்துல நின்னு பார்க்க வேண்டியவன் நான்தான்.

சாப்பிட்டுக் கிளம்பினேன். பின்னாடியே ஓடி வந்து செல்வம் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். மூச்சு வாங்குது. "அங்க போவாத மாமா. மத்தவங்க மூடினதையும் திறந்து இன்னும் மூணு பெட்டியில பூசியிருக்கேன்." நான் உடனே வாக்கி டாக்கியில கேஸ் விடறதை நிறுத்தச் சொன்னேன். அவன் என் கூடவே நடந்து வந்து மேடத்துகிட்ட மூணையும் காட்டினான். மூணும் அந்த லைன்லயே, நான் நிக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. மேடம் சொன்ன சொல்லை மாத்தல.

கேட் வரைக்கும் கூடப் போனேன். பாஸைக் கழட்டி செக்யூரிட்டிகிட்ட குடுத்தான். அவன் குழந்தை, வீடு எல்லாம் எனக்கு ஞாபகம் வந்துச்சு. "காலையில ஒண்ணுன்னு சொன்னவன், அப்படியே இருந்திருக்கலாமேடா"ன்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். "பாஸ் போனா ஏரி இருக்குது மாமா, நீ போய்ட்டா அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

இப்போ வந்திருக்கிற ஹெல்பர் எதையும் பூசறதும் இல்ல, எதையும் தானா வந்து சொல்றதும் இல்லங்கிறதால, கேஸ் விடறதுக்கு முன்னாடி எல்லாப் பெட்டியையும் நானே ஒவ்வொண்ணா திறந்து பார்க்கிறேன்.