ஏழாவது நிஞ்சா

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு விளையாட்டு மையத்தில் பழைய நிஞ்சா வீடியோ கேம் இருக்கிறது. ஓடியபடியே எதிரிகளைச் சுட்டு வீழ்த்த வேண்டும். என் மருமகள் சனிக்கிழமைதோறும் ஆடுவாள். பக்கத்தில் நின்று எதிரிகளை எண்ணிச் சொல்வது என் வேலை. அவள் விரல்களின் வேகம் எனக்கு ஓயாத வியப்பு.

அன்று முதல்முறையாகக் கடைசிக் கட்டத்தை எட்டினாள். ஒரே உயிர்தான் மிச்சம். கூரையிலிருந்து நிஞ்சாக்கள் குதித்தார்கள்.

“ஆறு. அவ்வளவுதாம்மா, ஓடு,” என்றேன்.

ஏழாவதாக ஒருவன் குதித்து வெட்டினான். ஆட்டம் முடிந்தது.

“என்னாலதாம்மா போச்சு. இனிமே எண்ண மாட்டேன்.”

அவள் சிரித்தாள். “ஆறு பேரைச் சரியாத்தானே சொன்னீங்க மாமா? வாங்க, முதல்ல இருந்து ஆடலாம். நீங்க எண்ணலேன்னா நானும் ஆடமாட்டேன்.”

எதைப் பார்த்தாலும் எண்ணும் என் பழக்கத்தை வீட்டில் மற்ற எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். அது வேண்டும் என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.