வேகனுக்கு வெளியே ஒரு நூல்

பெஹாலாவில் கொலுவுக்கு டாங்கி வைத்த முதல் பெண் நான்தான். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன். கடையில் விற்கும் சாவி கொடுக்கிற பொம்மை இல்லை. பக்கச் சுவர் இல்லாமல் வெறும் தளம் மட்டும் உள்ள ரயில் வேகன் ஒன்றைச் செய்து, அதன்மேல் டாங்கியை ஏற்றி, முட்டுக்கட்டை கொடுத்து, கம்பியால் இழுத்துக் கட்டி வைத்தேன். எல்லாம் என் கையால் செய்தது. அடக்கமாகப் பேச எனக்கு வராது. அன்றைக்கும் வரவில்லை, தலை நரைத்த இன்றைக்கும் வரவில்லை.

அப்போது நான் வேகன் கட்டும் ஒரு தொழிற்சாலையில், டிராயிங் ஆபீசில் டிரேசர். பென்சிலில் போட்ட படத்தின்மேல் டிரேசிங் துணியை விரித்து, மசியால் கோடு பிசகாமல் நகல் எடுக்கிற வேலை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் மூன்று கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், நகல் எடுத்தவர், சரிபார்த்தவர். நடுக்கட்டத்தில் என் பெயரின் இரண்டு எழுத்து. டாங்கி ஏற்றுகிற பிளாட் வேகனின் படங்கள் வந்தபோது பாதிக்குமேல் என் மேஜைக்குத்தான் வந்தன. அந்த வேகனின் குறுக்குச் சட்டங்கள் என் கனவில் வரும். ஆனால் டாங்கி ஏற்றிய வேகனை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. படத்தில் டாங்கி என்பது விட்டுவிட்டுப் போட்ட கோட்டில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். அந்தப் பெட்டி வேகனைவிடக் கொஞ்சம் அகலம்.

நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியில் வீட்டுக்கார வங்காளி அம்மாள் இருந்தார். நான் அவரைச் சித்தியாக்கி மாஷிமா என்பேன், அவர் என்னை மருமகளாக்கி போமா என்பார். அவருடைய கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் ராணுவத்தில் டாங்கி ஓட்டுகிறான். போர் முடிந்து அடுத்த வருஷம் அது. பூஜைக்கு லீவு கிடைத்துவிட்டது, நவமியன்று வருகிறேன் என்று எழுதியிருந்தான். அதைச் சொல்ல இறங்கி வந்த மாஷிமா என் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"போமா, டாங்கியோட ரயில்ல போறேன், ரயில்ல வரேன்னு இத்தனை வருஷமா சொல்றான். அவ்வளவு பெரிய சாமான் ரயிலுக்குள்ள எப்படிப் போகும்? கதவு எத்தனை பெரிசா இருக்கணும்?"

வாயால் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினாரே தவிர, பிடிபடவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "கொலுவுக்குச் செஞ்சு காட்டறேன் மாஷிமா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நான் பின்வாங்குகிற ஜாதி இல்லை.

ஆபீசிலிருந்து ஒரு தாளும் கொண்டு வரவில்லை, கொண்டு வரவும் கூடாது. மண்டைக்குள் இருப்பதை எந்த வாசலில் சோதனை போடுவார்கள்? அடிக்குக் கால் அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். தளத்துக்கு டீ பெட்டிப் பலகை. சட்டங்களுக்கு அதே பெட்டியின் விளிம்புத் தகரம். சக்கரங்களுக்குக் கரியாஹாட் நடைபாதைக் கடைகளில் பொறுக்கிய கோட்டுப் பொத்தான்கள், அச்சுக்குச் சைக்கிள் ஸ்போக். பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்குகளை அடியில் வைத்தேன். சுமை ஏறினால் வேகன் கொஞ்சம் அமுங்க வேண்டும், இல்லாவிட்டால் என்ன வேகன்? டாங்கியின் உடம்பு பிஸ்கட் டப்பாத் தகரம், மேலே சுழலும் கூண்டு தைல டப்பா, பீரங்கிக் குழலுக்குக் குடைக்கம்பி. கனத்துக்காக மீன்வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளை வயிற்றுக்குள் போட்டு அடைத்தேன். இரும்புப் பட்டைச் சக்கரத்துக்குத்தான் வெகுநாள் தவித்தேன். கடைசியில் என் வீட்டுக்காரரின் ரெக்சின் பையைப் பார்த்தேன். அதன் ஜிப்பின் பற்கள் அச்சு அசல் டாங்கிப் பட்டை.

அவருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. திருநெல்வேலிக்காரர், சாது. மறுநாள் காலை வாய் பிளந்த பையைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார். பைக்காக அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் டாங்கியை வேகனில் ஏற்றி வைத்த அன்று சும்மா இருக்கவில்லை.

"ஏட்டி, அளவு தப்பிப் போச்சே. ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கி."

"நீட்டத்தான் செய்யும். ஒரு நூல் வெளிய நிக்கணும். அதுதான் அளவு." அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல்.

"கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? வண்டிய விட அகலமா எவனாவது சாமான் ஏத்துவானா? நான் கரக்பூர்ல கண்ணால பாத்திருக்கேன். டார்பாலின் போட்டு மூடி, எல்லாம் உள்ளுக்குள்ளதான் இருந்துச்சு."

"டார்பாலினைத்தானே பாத்தீங்க? டாங்கியவா பாத்தீங்க?"

கண்ணால் கண்டதும் பொய் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்! இருந்தும் மனுஷன் விடவில்லை. சாப்பிடும்போது, குளித்துவிட்டு வரும்போது, கொலுவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்த விளிம்பைப் பார்த்து உச்சுக் கொட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் கோடு போட்டால் அதில் ஒரு மயிரிழை தப்பு கண்டுபிடித்தவன் கிடையாது.

கொலுப் படிகளின் கீழே, மற்ற வீடுகளில் பூங்காவும் குளமும் வைக்கிற இடத்தில் என் தண்டவாளத்தைப் போட்டு வேகனை நிறுத்தினேன். பூஜைக்குப் போட்ட அம்மன் பந்தல்களைப் பார்க்கக் கிளம்புகிற பாராக்காரர்கள், அதாவது எங்கள் தெருக்காரர்கள், போகிற வழியில் எங்கள் வீட்டிலும் நுழைந்து சுண்டலுக்குக் கை நீட்டுவார்கள். அந்த வருஷம் செட்டியார் பொம்மையை ஒருவரும் சீண்டவில்லை. எல்லோரும் டாங்கிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து, ஒருவர் பாக்கியில்லாமல் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "போடே ஜாபே." விழுந்துவிடும்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று விட்டுவிட்டேன். மாஷிமாவை அப்படி விட முடியவில்லை. முதல் நாள் பார்த்தபோது கையைத் தட்டிச் சிரித்தார். கதவே இல்லை, மொட்டைப் பலகையா என்று ஆச்சரியப்பட்டார். இரண்டாவது முறை வந்தபோது அந்த விளிம்பைக் கவனித்துவிட்டார். "போமா, நிஜத்துலயும் இப்படியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், பெருமையாக. அதற்குப் பிறகு அவர் பேச்சு குறைந்துவிட்டது. தினமும் இறங்கி வந்து, டாங்கி வெளியே நிற்கிற அந்தத் துளி இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அஷ்டமியன்று பந்தலில் அஞ்சலிக்குப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். "இந்தக் குறுகல் பலகை மேல என் பிள்ளை அதை ஓட்டி ஏத்தறானா? ராத்திரியிலயும் மழையிலயும்? இத்தனை நாள் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாமே" என்றார்.

அம்மாவின் மனசை விடவா ஒரு நூல் பெரிது? விடிந்ததும் அரத்தை எடுத்து இரண்டு பக்கமும் ராவிவிடுவது, டாங்கியை வேகனுக்குள் அடக்கிவிடுவது, நான்தான் அளவைத் தப்பாகப் போட்டேன் என்று மாஷிமாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். தப்பாகப் போட்டேன் என்று சொல்ல நான் துணிந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

நவமி காலையில் பொங்கலை இறக்கி வைத்துவிட்டு அரத்தைத் தேடினால், கருவிப் பெட்டி காலி. என் வீட்டுக்காரர் குளித்து, விபூதி பூசி, எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் ஆயுதங்களை வரிசையாக அடுக்கியிருந்தார். அரம், வாள், தகரம் வெட்டும் கத்தரி, பற்றவைக்கிற கோல், கோடு கீறுகிற ஊசி, மசிப்பேனா. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், ஒவ்வொன்றுக்கும் குங்குமம்.

"அரத்தைத் தாங்க" என்றேன்.

"எப்படித் தர? சரஸ்வதி கையில கொடுத்தாச்சு. நாளைக்கு மறுபூஜை ஆனதும் வாங்கிக்க."

ஆயுத பூஜைக்கு வைத்ததை விஜயதசமி காலை வரை தொடக்கூடாது. அதை மீற எனக்குத் தைரியம் வரவில்லை. வேகனையே எடுத்து ஒளித்து வைக்கலாம் என்றால், கொலுவில் வைத்ததை நடுவில் எடுப்பதும் ஆகாது. வேறு அரம் வாங்க, பூஜை நாளில் எந்தக் கடை திறந்திருக்கும்? அவரைப் பிடித்துக் கத்தித் தீர்த்தேன். தலையும் புரியாமல் வாலும் புரியாமல் அவர் சுண்டலைத் தாளிக்கப் போனார்.

மத்தியானம் மாஷிமாவின் மகன் வந்தான். ட்ரங்குப் பெட்டியை வாசலில் வைத்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடத் தராமல் மாஷிமா அவனைக் கையைப் பிடித்து எங்கள் கூடத்துக்கு இழுத்து வந்தார்.

"இதைப் பாரு. நிஜமா இப்படித்தானா? என் தலையில அடிச்சுச் சத்தியமா உண்மையைச் சொல்லு."

நான் சுண்டல் பாத்திரத்தோடு நின்றேன். இல்லை என்று சொன்னால் என் வேலை குப்பை. ஆமாம் என்று சொன்னால் அந்த அம்மாளின் தூக்கம் போச்சு. அவன் எதைச் சொல்லவேண்டும் என்று சாமியிடம் கேட்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

அவன் கொலுவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். வலது கை ஆள்காட்டி விரலை டாங்கிப் பட்டை வெளியே நிற்கிற இடத்துக்கு அடியில் வைத்தான். பிறகு அந்தப் பக்கம் இடது கை விரலை வைத்தான். இரண்டு விரலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பௌதி," என்று அண்ணியாக்கி என்னைக் கூப்பிட்டான், "இதை யார் ஏத்தினது? ரெண்டு பக்கமும் சரியா இருக்கே!"

பிறகு அம்மாவிடம் திரும்பினான். "மா, வண்டிய ஏத்திட்டு நாங்க இறங்கி வந்து முதல்ல பாக்கறதே இதைத்தான். ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெளிய நின்னா டாங்கி நட்டநடுவுல இருக்குன்னு அர்த்தம், அசையாது. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைச்சல்னாதான் பயம். அப்ப இறக்கிட்டு மறுபடியும் ஏத்துவோம்."

"ஓட்டும்போது விளிம்பு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. முன்னால நின்னு சைகை காட்டறவன் கை மட்டும்தான் தெரியும்."

"இதுவரைக்கும் எத்தனை தடவை இறக்கி ஏத்தியிருக்க?"

"நானா?" அவன் சிரித்தான். "ஒரு தடவைகூட இல்ல, மா."

மாஷிமா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன் இரண்டு விரல்களையும் அவன் வைத்த இடத்திலேயே வைத்துப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்தது. என் அரத்தைச் சரஸ்வதியிடம் கொடுத்து வைத்த அந்த அப்பாவி மனுஷனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவரோ அதற்குள், வாசலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரருக்கு, ஒரு நூல் வெளியேதான் நிற்கவேண்டும், அதுதான் கணக்கு என்று விளக்கிக்கொண்டிருந்தார்!

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் குழலை முன்பக்கம் பார்க்க விறைப்பாக நிறுத்தியிருந்தேன். "ரயில்ல போறப்ப இப்படி இல்ல பௌதி" என்று அவன் தைல டப்பாவை ஒரு விரலால் சுற்றிக் குழலைப் பின்பக்கம் திருப்பினான். பெட்டிக் கோட்டில் அதெல்லாம் எங்கே இருந்தது? ஆனால் கூண்டு தடங்கல் இல்லாமல் சுழன்றது. அதையும் கவனித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மறுபூஜைக்கு மாஷிமாவும் மகனும் இறங்கி வந்திருந்தார்கள். ஆயுதங்களை எடுத்து ஒவ்வொன்றாலும் ஒரு நல்ல வேலை தொடங்கவேண்டும் என்பது வழக்கம். நான் கோடு கீறுகிற ஊசியை எடுத்து அவன் கையில் கொடுத்து, வேகனைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். அவன் டாங்கியோடு சேர்த்து அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தான். "ஐயோ, விழுந்துடும்!" என்று மாஷிமா கையை நீட்டினார். கம்பிக்கட்டு இம்மியும் அசையவில்லை.

வேகனின் அடித் தகரத்தில், ஆபீஸ் படத்தில் உள்ளதுபோலவே மூன்று கட்டம் கீறியிருந்தேன். வரைந்தவர், நகல் எடுத்தவர். இரண்டிலும் என் எழுத்து. மூன்றாவதைக் காலியாக விட்டிருந்தேன். தன் வேலையைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் விதி. என்ன எழுதவேண்டும் என்று நான் சொல்லாமலே அவனுக்குப் புரிந்தது. நிதானமாக, அழுத்தி, தன் எழுத்துகளைக் கீறினான். டிராயிங் ஆபீசில் அந்தக் கட்டத்தில் எவ்வளவோ பெரிய கையெழுத்துகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கும் எனக்குக் கண் கலங்கியதில்லை.

வேகன் அப்புறம் எங்கள் வீட்டுப் பரணுக்குப் போகவில்லை. மாஷிமா அதை மாடிக்கு எடுத்துப் போய்க் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொண்டார். அவன் லீவு முடிந்து போன பிறகும், விஜயதசமி வாழ்த்துச் சொல்லி இனிப்புச் சாப்பிட வந்த ஒவ்வொருவருக்கும் அதை வெளியே எடுத்தார். இரண்டு பக்கமும் விரல் வைத்துக் காட்டினார். பிறகு அவர்கள் பதறப் பதற அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூன்றாவது கட்டத்தைக் காட்டி, "விழாது, பாருங்க" என்றார்.