சந்தனம் அடைத்த துளை

பெட்டி என் வீட்டு மேசைமேல் இருந்தது. அதைத் திறக்கும் உரிமை மட்டும் எங்கோ ஒரு நிறுவனத்திடம் இருந்தது. அவர்கள் அதை மூடிய காலையில்தான் இவ்வுண்மை எனக்கு விளங்கிற்று.

ஹார்ட் டிஸ்க் எனப்படும் நிலைவட்டுகள் இரண்டைக் கொண்ட சிறிய சேமிப்புக் கணினி அது. வலங்கைமானைச் சுற்றியுள்ள கோயில்களில் பல்லாண்டுகளாக நான் எடுத்த கல்வெட்டுப் படங்கள் அதனுள் இருந்தன. அவற்றுள் ஒரு கோயிலின் தென்சுவரைத் திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சி, எழுத்தெல்லாம் அழியத் துடைத்துவிட்டார்கள். வாய்க்கால் நீரை ஊர்கள் பகிர்ந்துகொள்ளும் முறையைக் கூறிய அக்கல்வெட்டுக்கு என் படங்களன்றி வேறு சான்றில்லை.

அன்று கடவுச்சொல்லை இட்டபோது, இவ்வகைப் பெட்டிக்குச் சேவை முடிந்தது என்று திரை கூறியது. நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அது பழைய மாடலுங்க சார். புதுசு ஒண்ணு வாங்கிக்குங்க."

"உள்ளே இருக்கிற படமெல்லாம்?"

"அதுக்கு கேரண்டி இல்லீங்க. பேக்கப் எடுத்திருப்பீங்கல்ல?"

"பேக்கப்புக்குன்னுதானே ஐயா உங்க பெட்டியையே வாங்கினேன்!"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மணல் பீய்ச்சியவனுக்கேனும் கல்லில் எழுத்திருப்பது தெரியாமல் இருந்திருக்கலாம். இவர்கள் தெரிந்தே பூட்டினார்கள்.

நிறுவனத்தின் மென்பொருளை விடுத்து, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க வேறொரு சேமிப்பு மென்பொருளை அதில் நிறுவலாம் எனப் படித்தறிந்தேன். பென் டிரைவ் என்று பிறர் கூறும் விரலியில் அதைப் பதிந்து செருகினால் போதும், விரலியிலிருந்தே இயங்கும். எனினும் நிறுவும்போது பிழையாக நிலைவட்டைச் சுட்டிவிட்டால் அனைத்தும் அழியும். ஆகவே வட்டுகள் இரண்டையும் முதலில் கழற்றித் துணியில் வைத்தேன்.

விரலி பாதிக்குமேல் நுழையவில்லை. கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். துளைக்குள் மஞ்சளாய் இறுகிக் கிடந்தது சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூசைதோறும் என் மனைவி மிதிவண்டி முதல் அரவை எந்திரம் வரை பொட்டிட்டு வருவாள். பெட்டியும் தப்பவில்லை.

"வைக்கிறதுக்கு இந்த ஓட்டைதான் கிடைச்சுதா?"

"நெத்தி மாதிரி இருந்துச்சு, வச்சேன். பூட்டுனவன் கம்பெனிக்காரன், வள்ளுன்னு விழுறது எம்மேலயா? கரண்டைப் பிடுங்குங்க முதல்ல."

பிடுங்கினேன். ஊக்கின் முனையால் அவள் மெல்லச் சுரண்டினாள், பொடி உதிர்ந்தது. விரலி நுழைந்தது, மென்பொருளும் நிறுவப்பட்டது. பெட்டியை அணைத்து, வட்டுகளைப் பொருத்தி, மீண்டும் இயக்கினேன்.

தென்சுவர் வரி வரியாய்த் திரையில் எழுந்தது. ஒரு படமும் பழுதுபடவில்லை.

மகிழ்ச்சி வருமென்று எண்ணியிருந்தேன். சினமே மிகுந்தது. வட்டுகள் நலமாயிருந்தன, பெட்டியும் நலமாயிருந்தது. கெட்டுப்போகாத ஒன்றைக் கெட்டதென்று கூறி இன்னொன்றை என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள். படங்களை வேறொரு வட்டில் படியெடுத்துக்கொண்டிருந்தபோதே அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: பழைய வாடிக்கையாளருக்குப் புதிய பெட்டி தள்ளுபடி விலையில்!

எழுந்து கத்தியை எடுத்துவந்து, பெட்டியின் முகப்பில் ஒட்டியிருந்த நிறுவனத்தின் பெயர்த்தகட்டை நெம்பிப் பெயர்த்தெடுத்தேன்.

அடுத்த ஆயுத பூசையன்று மனைவி சந்தனக் கிண்ணத்துடன் வந்து நின்றாள்.

"இப்ப எங்க வைக்கிறதாம்?"

தகடு இருந்த இடத்தைக் காட்டினேன். அழுத்தமாகவே வைத்தாள்.